படுத்தால் வந்த மூச்சு

போன மாதம் பழைய வார்டிலிருந்து ஒரு சின்னப் பெண் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். நோயாளியின் கால்மாட்டில் தொங்குமே, அந்த சார்ட்டின் படம். ஆக்சிஜன் அளவு எழுதும் வரிசையில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் பேனாவால் ஒரு சின்னக் கோடு. சில கோடுகள் படுத்திருக்கின்றன, சில சாய்ந்திருக்கின்றன, சில நேராக நிற்கின்றன. “அக்கா, ஈரல் பேஷண்ட் சார்ட்ல மட்டும் இந்தக் கோடு போடச் சொல்றாங்க. படிச்சப்போ யாரும் சொல்லித் தரலயே. கேட்டா, ‘பார்வதி அக்கா காலத்துலேருந்து இப்படித்தான் லா’ன்னு உங்க பேரத்தான் சொல்றாங்க. என்னக்கா இது?” என்று கீழே கேட்டிருந்தாள்.

பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு வரி அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன், அழித்தேன். அந்தக் கோட்டின் கதையைச் சொன்னால் என் முட்டாள்தனத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டுச் சொல்ல நானும் பார்த்தேன், முடியவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. ரெம்பியா என்கிற சின்ன ஊரில் வீட்டுக்காரரும் நானும் நாலு வாழை மரங்களும்தான். இனிமேல் யாரும் என் மேல் விசாரணை வைக்கப் போவதில்லை. ஆகையால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

நான் செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பால்மரம் சீவினார், அம்மா களை எடுத்தார். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. மூன்று வருஷப் பயிற்சியில் படித்ததில் பாதி காலப்போக்கில் மாறிவிட்டது, மீதியை நான் மறந்துவிட்டேன். ஒன்று மட்டும் எலும்பில் ஏறிவிட்டது. மூச்சு முட்டும் நோயாளியைப் பார்த்தால் முதலில் தலைப் பக்கத்தைத் தூக்கு, பிறகு டாக்டரைக் கூப்பிடு. பயிற்சி கொடுத்த சிஸ்டர் இதைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை சொல்ல வைப்பார். ஒரு நாள் அவர் சொல்லும் முன்னே நாங்களே சொல்லிவிட்டோம் என்பதற்காக வெயிலில் நிற்க வைத்தார்.

அந்தப் பாடம் எனக்குப் பெயரும் வாங்கித் தந்தது. வேலையில் சேர்ந்த புதிதில், செம்பனைக் குலை ஏற்றும் லோரி டிரைவர் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். இருதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் ஏறி, வாயில் இளஞ்சிவப்பாக நுரை தள்ளிக்கொண்டிருந்தது. வார்டில் அப்போது டாக்டர் இல்லை. அந்தக் காலத்துக் கட்டில்களில் கால்மாட்டில் ஓர் இரும்புக் கைப்பிடி இருக்கும், சுற்றினால் தலைப் பக்கம் எழும்பும். நான் ஓடிப்போய் அதைச் சுற்று சுற்று என்று சுற்றி மனிதரை நேராக உட்கார வைத்து, காலைத் தொங்கப் போட்டு, ஆக்சிஜன் மாட்டினேன். டாக்டர் வந்து ஊசி போடும்வரை அவர் உயிரோடு இருந்தார். பத்து நாளில் நடந்து வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து மலாய் ஊழியர்கள் என்னை ‘காக் எங்கோல்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கைப்பிடி அக்கா என்று அர்த்தம். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

முப்பது வருஷம் கழித்து, வார்டில் நான் சீனியராகி, சின்னப் பிள்ளைகள் என்னைக் கண்டு பயந்துகொண்டிருந்த நேரத்தில் டாக்டர் அஸ்லினா வந்தார். ஸ்பெஷலிஸ்ட். என்னைவிட எட்டு வயது சின்னவர், குள்ளம், மெல்லிய குரல். இந்தப் பிள்ளையை இரண்டு மாதத்தில் இந்த வார்டு விழுங்கிவிடும் என்று நான் நினைத்தேன்.

முதல் நாளே அவர் செய்த காரியம் எனக்குப் புரியவில்லை. மற்ற டாக்டர்கள் நேரே நோயாளியிடம் போவார்கள். இவர் எங்கள் கவுன்டருக்கு வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தாதிகள் எழுதும் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டார். கையில் ஒரு மொட்டைப் பென்சில். வரிவரியாகப் படித்தார். அந்த ரிப்போர்ட்டை விசாரணை வந்தாலொழிய எந்த டாக்டரும் தொட்டதில்லை. எழுதிய நாங்களே திரும்பப் படிக்க மாட்டோம். ‘நோயாளி தூங்கினார், சாப்பிட்டார், புகார் இல்லை’ என்றுதான் முக்கால்வாசி இருக்கும். அவர் அதையும் படித்துவிட்டு, எவ்வளவு சாப்பிட்டார் என்று கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது.

நோயாளியிடமும் அவர் வழி வேறுதான். கால்மாட்டில் நின்று பேச மாட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார், ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குவார், முகம் முகத்துக்கு நேராக இருக்கும்படி உட்கார்ந்துகொள்வார். பிறகு மலாயில் ‘துஞ்சோக்’ என்பார். காட்டுங்கள் என்று அர்த்தம். வயிறு வலிக்கிறது என்றால் எங்கே, எப்படிக் குனிந்தால் வலிக்கிறது, குனிந்து காட்டுங்கள் என்பார். படி ஏற முடியவில்லை என்றால் கூடவே நடந்து படிக்கட்டுவரை போவார். ஒரு தடவை ஒரு பாட்டிக்குச் சோறு விழுங்க முடியவில்லை என்றதும் கேன்டீனிலிருந்து சோறு வரவழைத்து, அவர் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதத்தில் வார்டு அவரை விழுங்கவில்லை. நாங்கள்தான் ரிப்போர்ட்டை ஒழுங்காக எழுத ஆரம்பித்திருந்தோம்.

இந்த நிலைமையில்தான் ஹாஜா மைதீன் வந்து சேர்ந்தார். புலாவ் செபாங்கில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவரும் தம்பி கபீரும் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார்கள். தம்பி அடுப்பைப் பார்ப்பார், இவர் தே தாரேக், அதாவது நுரை வர ஆற்றும் பால் தேநீர், போடுவார். காலை ஆறு மணியிலிருந்து நின்றபடி ஆற்றி ஆற்றி ஊற்றுகிற வேலை. ஐம்பத்திரண்டு வயது. ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கட்டியிருந்தது. தாயிடமிருந்து பிறப்பிலேயே வந்த மஞ்சள் காமாலைக் கிருமி, ஹெப்படைடிஸ் பி, ஐம்பது வருஷமாகச் சத்தமில்லாமல் உள்ளே இருந்து ஈரலைத் தின்றிருக்கிறது. ஆனால் ஊருக்கு ஈரல் என்றால் குடி. ஒரு சொட்டு தொடாத மனிதர், ஐந்து வேளை தொழுகிறவர், அவரைப் பற்றிச் சொந்தக்காரர்களே காதோடு காதாகப் பேசினார்கள். அது அவருக்கு வியாதியைவிடப் பெரிய நோவாக இருந்தது.

அதோடு தம்பியின் கோபம் வேறு. ஆறேழு மாதமாக அண்ணன் கடையில் நிற்பதில்லை, பின்னால் ஸ்டோரில் அரிசி மூட்டை மேல் போய்ப் படுத்துக்கொள்கிறார், கூப்பிட்டால் வருகிறார், பத்து கிளாஸ் ஆற்றுவதற்குள் மறுபடி படுக்கப் போகிறார் என்று கபீர் என்னிடமே புகார் சொன்னார். பேச்சில் கோபம் இருந்தாலும் வரும்போதெல்லாம் அண்ணனுக்கு மீன் கஞ்சி கொண்டுவந்தார்.

வயிற்று நீர்தான் நுரையீரலை மேலே தள்ளி மூச்சை முட்டுகிறது என்று எல்லோரும் நினைத்தோம். அப்படி நினைப்பதில் தப்பில்லை, பெரும்பாலும் அதுதான் நடக்கும். இரண்டாம் நாள் நீர் எடுத்தோம். இடது அடிவயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்து, பேனாவால் குறி போட்டு, மரத்துப்போக ஊசி போட்டு, அந்த இடத்தில் குழாய் செருகி, மெதுவாக வடிய விட வேண்டும். ஒரே மூச்சில் இறக்கினால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். அதனால் ஒரு கையில் ஆல்புமின் பாட்டில் ஏறிக்கொண்டிருக்கும், மறு கையின் நாடியில் என் விரல் இருக்கும். ஆறு லிட்டர் வந்தது. வயிறு தளர்ந்து, பெல்ட் போடலாம் போல ஆகிவிட்டது. இனி மூச்சு நன்றாக வரும் பாய் என்று நான் சொன்னேன்.

வரவில்லை. எக்ஸ்ரே சுத்தம். இருதயம் சரி. நுரையீரலில் ரத்தக் கட்டி இருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள், அதுவும் இல்லை. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப் மட்டும் எங்களோடு விளையாடியது. காலையில் 95 காட்டும், கொஞ்ச நேரத்தில் 88 காட்டும், மத்தியானம் 94, சாயங்காலம் 87. கிளிப் கெட்டுவிட்டது என்று மாற்றினேன். விரல் சில்லென்று இருக்கிறது என்று தேய்த்துவிட்டேன். மூன்று கிளிப் மாற்றிவிட்டு, இந்தக் காலத்துச் சாமான் எதுவும் உருப்படியில்லை என்று ஸ்டோர்காரரைத் திட்டினேன்.

மனிதருக்கு மூச்சு முட்டுகிறது என்றால் நான் என்ன செய்வேன்? கைப்பிடியைச் சுற்றுவேன். நான் நிமிர்த்தி வைப்பேன், அவர் சரிந்து படுப்பார். மறுபடி நிமிர்த்துவேன், திரும்பி வரும்போது தலையணையை உருவிக் கீழே போட்டுவிட்டு மல்லாந்து கிடப்பார். சரியாமல் இருக்க முழங்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை வைத்து முட்டுக் கொடுத்தேன். “பாய், மூச்சு முட்டுதுன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் இப்படி நீட்டிப் படுத்தா எப்படி? சொன்ன பேச்சு கேளுங்களேன்” என்று சத்தம் போட்டேன். அவர் போர்வையை இழுத்துக்கொண்டார். வாய் விளிம்பு கறுத்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னும் இரண்டு சுற்று சுற்றினேன்.

நாலாம் நாள் பகல் லொஹோர் தொழுகை நேரம். பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்க்காரப் பெரியவர், காலில் கட்டோடு இருந்தார். ஹாஜா மைதீன் கட்டிலில் படுத்தபடியே தொழுவதைப் பார்த்து, பாத்ரூமுக்கு நடந்து போகிற ஆள், நின்று தொழ முடியாதா, குறைந்தது உட்கார்ந்தாவது தொழலாமே என்று கேட்டுவிட்டார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் இவர் முகம் வாடிவிட்டது. நின்று தொழ முடியாதவன் உட்காரலாம், உட்கார முடியாதவன் படுக்கலாம் என்று அவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. இவர் எல்லோர் கண்ணுக்கும் உட்கார முடிகிற ஆள். சமாதானம் பேசுகிற சாக்கில் நானும் போய், பெரியவர் கேட்பது சரிதானே பாய் என்றேன்.

அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “மிஸ்ஸி, நின்னு ஓதினா பாத்திஹா சூரா மூணாவது ஆயத்துலயே மூச்சு நின்னுடுது. உக்காந்தா அஞ்சு வரைக்கும் போவும். படுத்தாத்தான் ஏழும் முடியுது. நான் சோம்பேறித்தனத்துக்குப் படுக்கல. இதை யாருகிட்ட சொன்னாலும் சிரிக்கிறாங்க.”

பாத்திஹா அவர்கள் ஒவ்வொரு தொழுகையிலும் ஓதுகிற ஏழு வரி அத்தியாயம். நான் சிரிக்கவில்லை. ஆனால் புரிந்துகொள்ளவும் இல்லை. எனக்கு அவர் மேல் கோபம்தான் இருந்தது. மறுநாள் காலை அவரை வீட்டுக்கு அனுப்புவதாக வார்டு டாக்டர் முடிவு செய்திருந்தார். எல்லாச் சோதனையும் சரியாக இருக்கிறது, நீரும் எடுத்தாயிற்று, மீதி மனக்கவலைதான் என்பது அவர் கணிப்பு. நாளைக்கு என் மேல் பழி வரக்கூடாதே என்று நான் ரிப்போர்ட்டில் நீளமாக ஒரு புகார் எழுதினேன். நோயாளி தாதியின் சொல்லைக் கேட்பதில்லை, இன்று மூன்று முறை நிமிர்த்தி வைத்தும் சரிந்து படுக்கிறார், படுத்தே தொழுகிறார், நின்றால் பாத்திஹா மூன்றாவது வரியோடு நிற்கிறது, படுத்தால் முழுதும் முடிகிறது என்கிறார். எழுதிக் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி வைத்தேன். அப்போது எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை கபீர் துணிப் பையோடு வந்து காத்திருந்தார். ஹாஜா மைதீன் சட்டை மாற்றிக்கொண்டு, சட்டை மாற்றிய களைப்பில் படுத்திருந்தார். நாலு நாளாகக் கருத்தரங்குக்குப் போயிருந்த டாக்டர் அஸ்லினா அன்றுதான் திரும்பினார். வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டுப் படித்தார். பென்சில் ஓரிடத்தில் நின்றது. திரும்பி முதலிலிருந்து படித்தார். பிறகு தலையைத் தூக்காமலே, இதை எழுதியது யார் என்று கேட்டார்.

நான்தான் என்றேன். அவர் எழுந்து வந்து சார்ட்டை எடுத்தார். 95, 88, 94, 87 என்று பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, இந்த எண்ணை எடுத்தபோது இவர் படுத்திருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா என்று கேட்டார். அப்படி எழுதுகிற வழக்கமில்லை டாக்டர் என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் எனக்கே உறைத்தது. ஒவ்வொரு தடவையும் நான் கட்டிலை நிமிர்த்திய பிறகுதான் எண் விழுந்திருந்தது. கிளிப் மூன்றும் நல்ல கிளிப்.

கட்டிலுக்குப் போனோம். டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றினார், உட்கார்ந்தார், ‘துஞ்சோக்’ என்றார். முதலில் கட்டிலைச் சமமாக இறக்கச் சொன்னார். அந்தக் கைப்பிடியை எதிர்ப் பக்கம் சுற்றியது எனக்கு நினைவிருக்கிறது. ஆக்சிஜன் இல்லாமல் பத்து நிமிஷம் படுக்க வைத்தோம். கிளிப் 95. ஓதச் சொன்னார். ஹாஜா மைதீன் கண்ணை மூடி மெல்லிய குரலில் ஏழு வரியும் ஓதி முடித்தார். டாக்டர் உதடும் கூடவே அசைந்தது. அவருக்கும் தெரிந்த சூரா அல்லவா, எந்த வரியில் எவ்வளவு மூச்சு வேண்டும் என்று எந்தக் கருவியும் இல்லாமலே அவருக்குத் தெரியும்.

உட்கார வைத்தோம். 89. ஐந்தாவது வரியில் இழுத்தது. நிற்க வைத்தோம், ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் கபீர். எண் இறங்கிக்கொண்டே போய் 83-இல் நின்றது. மூன்றாவது வரி முடியவில்லை. நகமெல்லாம் நாவற்பழ நிறத்துக்குப் போயிற்று. கபீர் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உடனே படுக்க வைத்தோம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் திரும்பியது.

கூட வந்திருந்த வார்டு டாக்டர் சங்கடத்தோடு, இத்தனை நாள் உங்களை உட்கார வைத்தது யார் என்று அவரிடம் கேட்டார். நான் விரிப்பின் ஓரத்தை இழுத்துவிட்டேன். ஹாஜா மைதீன் என்னைப் பார்க்கவே இல்லை. “நானேதான் உக்காந்தேன் டாக்டர். உக்காந்தா நல்லதுன்னு நெனச்சேன்” என்றார். டாக்டர் அஸ்லினா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு கிளிப்பைச் சரி செய்தார்.

மணிக்கட்டு நாடியிலிருந்து படுத்தபடி ஒரு தடவை, நின்றபடி ஒரு தடவை, ஆக்சிஜன் அளக்க ரத்தம் எடுத்தார். இரண்டு சிரிஞ்சையும் ஐஸில் வைத்து நானே லேப்புக்கு ஓடினேன். அட்டென்டரை அனுப்பியிருக்கலாம், எனக்குத்தான் ஓட வேண்டும் போலிருந்தது. கபீர் கொண்டுவந்த துணிப்பை கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

லேப் எண்களும் கிளிப் சொன்னதையே சொல்லின. மத்தியானம் எக்கோ அறையில் கடைசிச் சோதனை. ஒரு சிரிஞ்சில் உப்புநீரும் சொட்டுக் காற்றும், இன்னொன்று காலி. இரண்டையும் ஒரு சின்னக் குழாயால் சேர்த்து, இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று வேகமாகத் தள்ளினால் தண்ணீர் முழுதும் பொடிப் பொடிக் குமிழியாகிவிடும். அதைக் கை நரம்பில் ஏற்றி, இருதயத்தைத் திரையில் பார்க்க வேண்டும். டாக்டர் தள்ளிக்கொண்டிருந்தபோது ஹாஜா மைதீன் படுத்தபடியே அதைப் பார்த்து, “டாக்டர் நல்லா ஆத்துறாங்க லா” என்றார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

குமிழி இருதயத்தின் வலது பக்கம் வந்து வெள்ளையாக நிறைந்தது. அது எல்லோருக்கும் வரும். நுரையீரலின் மெல்லிய நாளங்கள் அதை வடிகட்டிவிடும், இடது பக்கம் கறுப்பாகவே இருக்க வேண்டும். டாக்டர் துடிப்பைச் சத்தமாக எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது துடிப்பில் இடது பக்கத்தில் வெள்ளை புள்ளி புள்ளியாக எழும்பியது.

பிறகு டாக்டர் விளக்கினார். ஈரல் கெட்டால் சிலருக்கு நுரையீரலின் நாளங்கள் அகன்றுவிடுகின்றன. ரத்தம் காற்றை வாங்கிக்கொள்ளாமலே அதன் வழியாக ஓடிவிடுகிறது. நின்றால் ரத்தம் கீழே இறங்கும், அகன்ற நாளங்கள் அடியில்தான் அதிகம். படுத்தால் ரத்தம் பரவிக்கொள்ளும், மூச்சு கொஞ்சம் கிடைக்கும். கபீருக்குப் புரிந்ததா என்று டாக்டர் கேட்பதற்குள் அண்ணன் தம்பியிடம் சொன்னார். “மெல்லிசா இழுத்து ஊத்துனாத்தானே நுரை வரும். மொத்தமா கவுத்தா நுரை ஏதுடா? உள்ள மொத்தமா கவுக்குதாம்.” முப்பது வருஷ வேலையில் இவ்வளவு சுத்தமாக ஒரு வியாதியை எந்தப் பேராசிரியரும் எனக்கு விளக்கியதில்லை.

மருந்து இல்லை என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. ஆக்சிஜன் மெஷின் துணைக்கு இருக்கும், ஆனால் தீர்வு என்றால் வேறு ஈரல்தான், அதுவும் மூச்சு இன்னும் இறங்குவதற்கு முன்னால் வேண்டும் என்றார். இறந்தவர் ஈரலுக்குக் காத்திருப்பதென்றால் எவ்வளவு காலம் என்று யாராலும் சொல்ல முடியாது. ரத்த சொந்தம் யாராவது தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம், கொடுத்தவருக்கு அது வளர்ந்துவிடும், ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார்.

கபீர் வெளியே போய் வராந்தாவில் நின்றார். நான் பின்னால் போனேன். அழுதுகொண்டிருந்தார். “அரிசி மூட்டையிலேருந்து காலைப் புடிச்சு இழுத்திருக்கேன் மிஸ்ஸி. ஆள் நிக்குது, எழுந்திருன்னு இழுத்தேன்” என்றார். நான் கைப்பிடி சுற்றியதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் அவர் தோளைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

சோதித்துப் பார்த்ததில் கபீருக்குக் கிருமி இல்லை, அவர் வயிற்றில் இருக்கும்போதே அம்மா நாட்டு வைத்தியம் ஏதாவது செய்திருப்பார் என்று அவர்கள் வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். அதிர்ஷ்டம்தான் என்றார் டாக்டர். ரத்தப் பிரிவும் பொருந்தியது. ஆனால் கபீரின் ஈரலில் கொழுப்பு, இந்த நிலையில் எடுக்க முடியாது, இளைத்துவிட்டு வா என்று தலைநகர் கே.எல். பக்கத்துப் பெரிய மருத்துவமனையில் திருப்பி அனுப்பினார்கள். சாப்பாட்டுக் கடைக்காரர் நாலு மாதம் தன் கடைப் பரோட்டாவை, அந்த ரொட்டி சானாயைத் தொடவில்லை. தேநீரில் பால் போட்டுக் குடிக்கவில்லை. விடிந்ததும் புலாவ் செபாங்கிலிருந்து ரயில் பாதையோரமாக நடப்பாராம். ஊர்க்காரர்கள் இவருக்கு என்ன வியாதி என்று கேட்டார்களாம். எனக்குத் தெரிந்த மனிதர்களில் மிகப் பெரிய காரியம் செய்தவர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் கபீர் பெயரைச் சொல்வேன்.

நாங்கள் இங்கே அண்ணனைப் பார்த்துக்கொண்டோம். மாதம் ஒரு தடவை வருவார், கூடவே ஆக்சிஜனும் வரும். அவர் கட்டிலை நான் தொட மாட்டேன், தட்டையாகவே கிடக்கும். சார்ட்டில் அந்தக் கோட்டைப் போட ஆரம்பித்ததும் அப்போதுதான். வார்டில் தமிழ், மலாய், சீனம் என்று மூன்று பாஷை, எந்தப் பாஷையில் எழுதினாலும் ஒருத்திக்குக் குழம்பும். படுத்திருந்தால் படுத்த கோடு, உட்கார்ந்தால் சாய்ந்த கோடு, நின்றால் நேர்கோடு, எல்லோருக்கும் புரியும். டாக்டர் அஸ்லினா அதைப் பார்த்துத் தானும் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

அந்த மாதக் கூட்டத்தில் இந்தக் கேஸைப் பேசினார்கள். இதை முதலில் கவனித்தது தாதி என்று டாக்டர் அஸ்லினா என் பெயரைச் சொன்னார். கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று தலையை ஆட்டினேன். கவனித்தது நான் இல்லை, கவனிக்காதது நான் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கைதட்டலை இரண்டு வருஷம் வயிற்றில் சுமந்தேன். ஓய்வு பெறும் வாரத்தில் அவர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன், ஹாஜா மைதீனை நிமிர்த்தி நிமிர்த்தி வைத்தது நான்தான் என்று. அவர் வியப்பாகப் பார்த்தார். “காக், நீங்களே எழுதியிருந்தீங்களே, மூணு முறை நிமிர்த்தினேன்னு. அதைப் படிச்சுத்தானே எனக்குத் தெரிஞ்சுது” என்றார் மலாயில். தன் தப்பையும் சேர்த்து எழுதி வைக்கிற தாதி கிடைப்பது கஷ்டம் என்றும் சொன்னார். நான் அதைத் தப்பென்று தெரியாமல்தான் எழுதினேன் என்றேன். எழுதினீர்களே, அது போதும் என்றார். வயதால் மட்டும் ஒருவர் பெரியவர் ஆகிவிடுவதில்லை என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

ஹாஜா மைதீனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பது கேள்விப்பட்டதுதான். ஈரல் மாறியதும் மூச்சு உடனே வந்துவிடவில்லை. அகன்ற நாளங்கள் சுருங்க மாதக்கணக்காகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மாதா மாதம் போன் செய்து கபீரிடம் கேட்பேன். மூணு ஆயத் ஆச்சு மிஸ்ஸி, அஞ்சு ஆச்சு மிஸ்ஸி என்று அவர் கணக்குச் சொல்வார். எங்களுக்கும் அந்த அளவே பழகிவிட்டது. ஒரு நாள் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு பகல் வேளையில் வீட்டுக்காரரோடு புலாவ் செபாங் போனேன். கடையில் கூட்டம். கபீர் கல்லுக்குப் பின்னால் சானாய் வீசிக்கொண்டிருந்தார், மறுபடி கொஞ்சம் சதை போட்டிருந்தார். தேநீர் மேசைக்குப் பக்கத்தில் ஹாஜா மைதீன் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை இடுப்புக்குக் கீழே, நடுவில் மெல்லிசாக ஒரு நீளத் தாரை. என்னைக் கண்டதும் குவளையை வைத்துவிட்டு வந்தார். நான் முதலில் பார்த்தது அவர் நகத்தைத்தான். பழக்கம் போகுமா? சிவப்பாக இருந்தது.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை அப்படியே சொன்னேன். “பாய், அன்னிக்கு நீங்களே உக்காந்தீங்கன்னு டாக்டர்கிட்ட பொய் சொன்னீங்க. நான்தான் உங்கள நிமித்தி வெச்சேன். படுத்தா வர்ற மூச்சை நாலு நாள் நான் வரவிடல. என்னை மன்னிச்சிருங்க.”

“நீங்க நிமித்தாம விட்டிருந்தா நான் படுத்தே கெடந்திருப்பேன். படுத்தா 95-தானே காட்டும்? எல்லாம் சரியா இருக்குன்னு வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. நீங்க நிமித்துனதுலதான் மிஸ்ஸி எண்ணே விழுந்துச்சு” என்றார்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துத் துணியால் துடைத்துப் போட்டார். பிறகு குவளையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நீங்க உக்காருங்க மிஸ்ஸி. நான் நின்னுக்கிறேன்.”